தொடையின் வெளிப்பக்க வலி மாதக்கணக்கில் விடவில்லையா? எங்கிருந்து தொடங்குவது

ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. பஸ் படியில் கால் வைத்து ஏறும்போது இடுப்பின் பக்கவாட்டில் சுருக்கென்கிறது. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் முதல் நாலைந்து அடி நொண்டல், அப்புறம் சரியாகிவிடுகிறது. சில நாள் வலி தொடையின் வெளிப்பக்கமாக முழங்கால் வரைக்கும் இறங்குகிறது. வீட்டில் கேட்டால் வாயு என்கிறார்கள், பக்கத்து வீட்டில் நரம்பு பிடித்துக்கொண்டது என்கிறார்கள், மருந்துக் கடையில் ஒரு அட்டை மாத்திரை கொடுக்கிறார்கள்.

இந்த மாதிரி வலி பெரும்பாலும் வாயுவும் இல்லை, நரம்பும் இல்லை. 40 முதல் 60 வயதுக்குள் இருக்கும் பெண்களிடம்தான் இதை அதிகம் பார்க்கலாம். ஆண்களுக்கும் வரும், ஓட்டப் பயிற்சி செய்பவர்களுக்கும் வரும். தொடை எலும்பின் மேல்முனையில் வெளிப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு குமிழ் உண்டு. புட்டத்தின் பக்கவாட்டுத் தசைகள் தசைநாணாக மெலிந்து வந்து அந்தக் குமிழில்தான் ஒட்டுகின்றன. பிரச்சினை பெரும்பாலும் அந்தத் தசைநாணில். முன்பெல்லாம் அங்கே இருக்கும் சிறு நீர்ப்பை வீங்கிவிட்டது என்று நினைத்து ‘பர்சைட்டிஸ்’ என்று எழுதினார்கள், இன்னும் பலர் அப்படியே எழுதுகிறார்கள். ஸ்கேன்கள் பரவலான பிறகு, நீர்ப்பை மட்டுமே காரணமாக இருப்பது குறைவு, தசைநாண் நைந்துபோவதே அதிகம் என்று தெரிந்தது.

இதைத் தெரிந்துகொள்வதால் என்ன லாபம் என்றால், வைத்தியமே மாறிவிடுகிறது. நைந்த தசைநாணுக்கு முழு ஓய்வு கொடுத்தால் இன்னும் பலவீனமாகும். இழுத்து நீட்டினால் எரிச்சல் கூடும். அதன் மேல் விழும் நசுக்கலை முதலில் குறைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் ஏற்றிப் பழக்க வேண்டும். கீழே எழுதியிருப்பதெல்லாம் இந்த ஒரு விஷயத்தின் விரிவுதான்.

முதலில், வலி எங்கே என்று விரல் வைத்துப் பாருங்கள்

நின்றுகொண்டு இடுப்பில் கை வையுங்கள். எலும்பு விளிம்பு ஒன்று தட்டுப்படும். அங்கிருந்து ஒரு கையகலம் போல நேராகக் கீழே, தொடையின் பக்கவாட்டில் விரல்களை அழுத்தி வைத்துக்கொண்டு, அந்தக் காலின் பாதத்தை உள்ளேயும் வெளியேயும் திருப்புங்கள். விரலுக்கு அடியில் ஒரு குமிழ் உருளும். அதுதான் இடம். அங்கே அழுத்தும்போது “ஆமாம், இதே வலிதான்” என்று தோன்றினால் முதல் அடையாளம் கிடைத்துவிட்டது.

அடுத்தது, ஒரு விரல் மட்டும் சுவரில் தொட்டபடி, வலிக்கிற காலில் மட்டும் 30 விநாடி நின்று பாருங்கள். அதற்குள் அந்தக் குமிழைச் சுற்றி வலி கிளம்பினால் சந்தேகம் இன்னும் பலப்படுகிறது. தடுமாறக்கூடியவர்கள் பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

மூன்றாவதாக, குனிந்து கால் நகம் வெட்டவோ கொலுசு மாட்டவோ முடிகிறதா என்று பாருங்கள். சுலபமாக முடிந்தால் இடுப்பு மூட்டு பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. அது முடியாமல், வலியும் தொடை இடுக்கில், அதாவது கவட்டைப் பக்கம் வந்தால் மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம். அந்த வழி வேறு, இந்தக் கட்டுரை அதற்கு உதவாது.

இது வேறு ஏதாவதாக இருக்குமோ?

வலியைவிட எரிச்சல், மதமதப்பு, துணி உரசினாலே கூச்சம். அதுவும் தொடையின் வெளிப்பக்கம் ஒரு கையளவு திட்டாக மட்டும். இப்படி இருந்தால் அது தசைநாண் இல்லை. தொடைத் தோலுக்கு உணர்ச்சி தரும் ஒரு நரம்பு இடுப்பின் முன்பக்க எலும்பு அருகே அமுங்குகிறது. நம் ஊரில் இதற்குக் காரணம் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது பாவாடை நாடா. தினமும் ஒரே இடத்தில் முடிச்சு, அதுவும் புடவை நழுவக்கூடாது என்று இறுக்கி. இறுக்கமான ஜீன்ஸ், பெல்ட், போலீஸ்காரர்களும் காவலாளிகளும் கட்டும் அகலப் பட்டை எல்லாம் இதே வேலையைச் செய்யும். தொப்பை, கர்ப்பம், சர்க்கரை நோய் ஆகியவை சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் வரும். நாடாவைத் தளர்த்தி முடிச்சின் இடத்தை மாற்றுங்கள், அல்லது எலாஸ்டிக் பாவாடைக்கு மாறுங்கள். பலருக்குச் சில வாரங்களில் இதுவே போதும்.

வலி முழங்காலைத் தாண்டி கெண்டைக்காலுக்கும் பாதத்துக்கும் போகிறது, இருமினால் தும்மினால் கூடுகிறது என்றால் முதுகுத் தண்டிலிருந்து வரும் நரம்பைப் பார்க்க வேண்டும். இரண்டு தொடையும் ஒரே மாதிரி கடுத்து, தரையிலிருந்து எழக் கை ஊன்ற வேண்டியிருந்தால் வைட்டமின் டி குறைபாடு இருக்கலாம். இவ்வளவு வெயில் அடிக்கும் ஊரிலும் அது சகஜம். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் சிலசமயம் இப்படி வரும். ஆனால் மாத்திரையை நீங்களே நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள்.

இவற்றில் ஏதாவது இருந்தால் உடற்பயிற்சி எதையும் தொடங்காமல் நேராக டாக்டரிடம் போங்கள்: விழுந்த பிறகு காலை ஊன்றவே முடியவில்லை, காய்ச்சலோடு வலி, காரணமில்லாமல் எடை குறைகிறது, எப்படிப் படுத்தாலும் ராத்திரி முழுக்க விடாத வலி, முன்பு புற்றுநோய் வந்தவர், நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர், எலும்புப்புரைக்காகப் பல வருடம் மாத்திரை எடுப்பவருக்குப் புதிதாகத் தொடை வலி. சிறுநீர், மலம் போவதில் கட்டுப்பாடு போய், உட்காரும் இடம் மரத்துவிட்டால் அது அவசரம், அன்றே மருத்துவமனை.

நசுக்கலைக் குறைப்பது: பாதி வைத்தியம் இங்கேதான்

கிணற்றுச் சகடையின் மேல் கயிறு வளைந்து இறங்குவது போலத்தான் அந்தத் தசைநாண் எலும்புக் குமிழின் மேல் வளைந்து கிடக்கிறது. கால் நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போகும்போதெல்லாம், வெளியே ஓடும் தடித்த பட்டை இறுகித் தசைநாணைக் குமிழோடு சேர்த்து அமுக்குகிறது. ஒரு நாளில் இது எத்தனை முறை நடக்கிறது என்று கவனித்தால் ஆச்சரியமாக இருக்கும்.

சமையலறையில் தோசை ஊற்றிக்கொண்டு நிற்பவரைப் பாருங்கள். ஒரு கால் நேராக, மற்றது லேசாக மடங்கி, இடுப்பு ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு, முழு எடையும் ஒரே காலில். ரேஷன் கடை வரிசையிலும் பஸ் ஸ்டாப்பிலும் இதே நிலைதான். குழந்தையையோ குடத்தையோ இடுப்பில் வைக்கும்போது இடுப்பு இன்னும் வெளியே தள்ளும், பாரமும் கூடும். எப்போதும் ஒரே பக்கம் வைத்துப் பழகிய இடுப்பில் வலி வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். செய்ய வேண்டியது இதுதான். இரண்டு காலிலும் சமமாக நில்லுங்கள், பாதங்களுக்கு இடையே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். குழந்தையை முன்னால் மார்போடு அணைத்துத் தூக்குங்கள். குடத்துக்குப் பதில் கொஞ்ச நாள் இரண்டு சின்ன வாளி. ஒருபக்கமே எடை விழாமல் இருந்தால் போதும்.

உட்காரும்போது கால்மேல் கால் போடுவதை விடுங்கள். வலியுள்ள காலை மேலே போட்டால் நேரடி நசுக்கல். சம்மணம் போடுவது இந்த அளவுக்குக் கெடுதல் இல்லை, முழங்கால்கள் விலகித்தான் இருக்கின்றன. உட்கார்ந்திருக்கும்போது வலிக்கவில்லை என்றால் சாப்பிடும் நேரத்துக்கு அப்படி உட்காரலாம். எழும்போதுதான் பலருக்குப் பிடிக்கும், அதனால் பக்கத்தில் ஒரு முக்காலி வைத்துக் கை ஊன்றி எழுங்கள். இரண்டு காலையும் ஒரே பக்கம் மடக்கி உட்காருவதும், பைக்கின் பின்சீட்டில் ஒருபக்கமாக உட்காருவதும் கொஞ்ச காலத்துக்கு வேண்டாம். சுடிதாரில் போகிற நாட்களில் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்துவிடலாம். தாழ்வான சோபாவில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள்.

தூக்கம் பெரிய விஷயம். இந்த வலிக்காரர்கள் பலரும் டாக்டரிடம் முதலில் சொல்வதே தூக்கம் போன கதைதான். பாயில் படுப்பவர்கள் வலியுள்ள பக்கம் திரும்பினால் குமிழ் நேராகத் தரையில் அழுந்தும். நல்ல பக்கம் திரும்பினாலும் தப்பில்லை என்று நினைக்க முடியாது, மேலே இருக்கும் வலிக்கிற கால் முன்னால் சரிந்து விழுந்தால் அந்தப் பக்கத் தசைநாண் இழுபட்டு நசுங்கும். மல்லாந்து படுத்து முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைப்பது நல்லது. அது பழக்கமில்லை என்றால் நல்ல பக்கம் படுத்து, இரண்டு கால்களுக்கு நடுவில் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தாங்கும்படி தலையணை வையுங்கள். ஒன்று போதாது, பெரும்பாலும் இரண்டு வேண்டும். பாயின் மேல் மெத்தென்று இரண்டு போர்வையை மடித்துப் போடுங்கள்.

அப்புறம், நீட்டல் பயிற்சிகள். தொடையின் வெளிப்பக்கம் வலிக்கிறது என்று தேடினால் காலைக் குறுக்கே இழுக்கச் சொல்லும் வீடியோக்கள்தான் வரிசையாக வரும். இழுக்கும்போது இதமாகக்கூட இருக்கும். ராத்திரி அதற்கு வட்டியோடு கொடுக்க வேண்டிவரும். யோகா செய்பவர்கள் கோமுகாசனம், அர்த்த மத்ஸ்யேந்திராசனம் போல முழங்கால் குறுக்கே போகும் ஆசனங்களை வலி அடங்கும் வரை நிறுத்தி வையுங்கள். எண்ணெய் தேய்ப்பது தப்பில்லை. புட்டத்தின் சதைப்பகுதியில் இதமாகத் தேய்க்கலாம், வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். குமிழின் மேலேயே கட்டை விரலால் குத்தி அழுத்திச் “சுளுக்கு எடுக்க” யாரையும் விடாதீர்கள். உருளையின் மேல் தொடையை வைத்து உருட்டுவதும் அதே வகைதான்.

பயிற்சி: மெதுவாகத் தொடங்கி, பாரம் கூட்டி

பயிற்சிக்கு முன் ஒரு விதியை மனதில் வையுங்கள். வலியை 0 முதல் 10 வரை மதிப்பிடுங்கள். பயிற்சியின்போது 4 வரை வந்தால் பரவாயில்லை. ஆனால் அன்று ராத்திரியோ மறுநாள் காலையோ வழக்கத்தைவிட வலி கூடக்கூடாது. கூடினால் பயிற்சியை நிறுத்தாதீர்கள், அளவைப் பாதியாக்குங்கள். ராத்திரி வலிதான் இதில் நம்பகமான நீதிபதி.

முதல் இரண்டு வாரம், அசையாத பயிற்சி. மல்லாந்து படுத்து முழங்கால்களை லேசாக மடக்கி, முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டு தொடைகளையும் சுற்றி ஒரு துப்பட்டாவைக் கட்டுங்கள். தொடைகளுக்கு நடுவே இடைவெளி இருக்கட்டும். இப்போது கால்களை வெளிப்பக்கம் மெதுவாகத் தள்ளுங்கள். துணி தடுக்கும், கால் நகராது. முழு பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும். 15 விநாடி வைத்திருந்து விடுங்கள். இப்படி ஐந்து முறை, காலையும் ராத்திரியும். இதென்ன பயிற்சி என்று தோன்றும் அளவுக்குச் சின்னதாகத்தான் இருக்கும், இந்தக் கட்டத்தில் அப்படித்தான் இருக்க வேண்டும்.

கூடவே, படுத்தபடி இடுப்பைத் தூக்கும் பாலம். பாதங்கள் தரையில், முழங்கால் மடங்கி, புட்டத்தை இறுக்கி இடுப்பை மேலே தூக்கி, மூன்று எண்ணி, மெதுவாக இறக்குங்கள். எட்டு அல்லது பத்து முறை. சுலபமானதும் ஒரு காலில் கூடுதல் எடை போட்டுப் பழகலாம்.

மூன்றாவது வாரம் போல நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி. கை ஊன்றாமல் எழ வேண்டும். கண்ணாடி முன்னால் செய்தால் தப்பு தெரிந்துவிடும். முழங்கால் உள்பக்கம் சரிகிறதா? வலியில்லாத காலுக்கு எடையை நைசாகத் தள்ளுகிறீர்களா? முழங்கால் பாதத்துக்கு நேராக நிற்கும்படி, இரண்டு காலிலும் சமமாக எழுந்து, உட்காரும்போது தொப்பென்று விழாமல் இறங்குங்கள். பத்து பத்தாக இரண்டு சுற்று.

அதன் பிறகு வீட்டு வாசல் படி. வலிக்கிற காலைப் படியில் வைத்து ஏறி, மெதுவாக இறங்குங்கள். ஏறும்போது இடுப்பு மறுபக்கம் சரியக்கூடாது. சரிந்தால் சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இன்னும் உயரம் குறைந்த படி. கடைசியாகத்தான் ரப்பர் பட்டை கட்டிப் பக்கவாட்டில் அடி எடுத்து வைப்பது. எடை ஏற்றிய பயிற்சிகள் வாரத்துக்கு மூன்று நாள் போதும், இடையில் தசைநாணுக்கு ஒரு நாள் விட வேண்டும்.

நடப்பதை நிறுத்த வேண்டாம். தினமும் ஒரு மணி நேரம் நடப்பவர் வலி வந்தால் அரை மணியாகக் குறைத்து, அதையும் இரண்டாகப் பிரித்து நடக்கலாம். வலி கூடவில்லை என்றால் வாரத்துக்கு ஐந்து நிமிடம் ஏற்றுங்கள். சின்னச் சின்ன அடியாக, பாதங்கள் ஒன்றுக்கு முன் ஒன்று குறுக்கே போகாமல் நடங்கள். சாலையோரச் சரிவைவிடச் சமதளம் நல்லது, மேடு ஏறுவது கடைசியில்.

நடக்கும்போது வலி கடுமையாக இருந்தால் கைத்தடி. இதில் பலரும் தடியை வலிக்கிற பக்கத்துக் கையில்தான் பிடிக்கிறார்கள். எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். ஒற்றைக் காலில் நிற்கும்போது உடல் மறுபக்கம் சாயாமல் இருக்க, ஊன்றிய காலின் பக்கத் தசை இழுத்துப் பிடிக்கிறது. அந்த இழுப்பையும் சேர்த்தால் இடுப்பு மூட்டின் மேல் உடல் எடையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு விழுகிறது. எதிர்க்கையில் இருக்கும் தடி அந்த இழுப்பில் ஒரு பங்கைத் தானே ஏற்றுக்கொள்கிறது. வலிக்கிற பக்கத்திலேயே பிடித்தால் இந்த லாபம் கிடைக்காது.

மாத்திரையும் ஊசியும்

டைக்ளோபெனாக், அசிக்ளோபெனாக் வகை மாத்திரைகள் சில நாளைக்கு உதவும். மாதக்கணக்கில் சாப்பிட்டால் வயிற்றுப் புண், ரத்த அழுத்தம், சிறுநீரகம் என்று வேறு கணக்கு தொடங்கிவிடும். சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர்கள் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடவே கூடாது. மேலே தடவும் ஜெல் அவ்வளவு ஆபத்தில்லை.

ஸ்டீராய்டு ஊசி பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. ஆஸ்திரேலியாவில் 204 பேரை மூன்று குழுவாகப் பிரித்து நடத்திய ஓர் ஆய்வு 2018இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. ஒரு குழுவுக்கு அன்றாட நடைமுறை விளக்கமும் பயிற்சியும், ஒரு குழுவுக்கு ஒரு ஊசி, ஒரு குழு காத்திருந்து பார்ப்பது. 8 வாரத்தில் நன்றாகத் தேறிவிட்டோம் என்று சொன்னவர்கள் பயிற்சிக் குழுவில் சுமார் 77 சதவீதம், ஊசிக் குழுவில் 58, காத்திருந்தவர்களில் 29. ஒரு வருடம் கழித்து முறையே 79, 58, 52. ஒன்றும் செய்யாமல் இருந்தவர்களிலும் பாதிப் பேர் ஒரு வருடத்தில் தேறியிருக்கிறார்கள் என்பது தைரியம் தரும் செய்திதான். ஆனால் எட்டே வாரத்தில் முக்கால்வாசிப் பேர் தேறும் வழி இருக்கும்போது ஒரு வருடம் ஏன் தூக்கமில்லாமல் கிடக்க வேண்டும்? அந்தப் பயிற்சிக் குழுவினர் 8 வாரத்தில் 14 முறை பிசியோதெரபிஸ்டைப் பார்த்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டில் தனியாகச் செய்தால் அதே வேகம் வராமல் போகலாம்.

வலி தாங்காமல் பயிற்சியே தொடங்க முடியவில்லை என்றால் ஊசி ஒரு வாய்ப்பு. வலி குறையும் அந்தச் சில வாரத்தில் பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும். ஊசி போட்டு வலி போனதும் பழையபடி குடம் தூக்கினால் அது திரும்பி வரும். சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும், முன்னாலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

டாக்டரிடம் போகும்போது

“இடுப்பு வலி” என்று மட்டும் சொன்னால் முதுகுக்கு எக்ஸ்ரே எழுதிவிடுவார்கள். நடுத்தர வயதைத் தாண்டியவர்களின் முதுகு எக்ஸ்ரேயில் பெரும்பாலும் ஏதாவது தேய்மானம் தெரியும், அப்புறம் பெல்ட்டும் டிராக்‌ஷனுமாக வண்டி வேறு திசையில் போய்விடும். எழுந்து நின்று ஒரே விரலால் இடத்தைக் காட்டுங்கள். அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை, ஒற்றைக் காலில் நின்றால் வலிக்கிறது, கால் நகம் வெட்ட முடிகிறது என்று மூன்றையும் சொல்லுங்கள். இவ்வளவு சொன்னால் நல்ல எலும்பு டாக்டர் கையால் அழுத்திப் பார்த்தே பெரும்பாலும் முடிவுக்கு வந்துவிடுவார். எம்ஆர்ஐ ஆரம்பத்திலேயே தேவைப்படுவது அரிது. வலியே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் இந்தத் தசைநாணில் மாற்றம் தெரிவதுண்டு.

தனியார் பிசியோதெரபி கட்டுப்படியாகவில்லை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோதெரபிப் பிரிவு இருக்கிறது, எலும்பு சிகிச்சைப் பிரிவில் பார்த்துச் சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வெளியே வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கும் ஏற்பாடும் உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். எங்கே போனாலும் கரண்ட் வைத்து அனுப்புவதோடு முடிந்துவிட்டால், “எனக்குப் பயிற்சி சொல்லிக்கொடுங்கள்” என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

முதல் மாதத்தில் ராத்திரித் தூக்கம் கொஞ்சம் சீராகும், அதுதான் முதலில் மாறும். படி ஏறுவது அதற்குப் பிறகு. நடுவில் கல்யாண வீட்டில் நாள் முழுக்க நின்றாலோ, ஊர் மாறி மெத்தை மாறினாலோ வலி இரண்டு நாள் ஏறும். அப்போது துப்பட்டா பயிற்சிக்குத் திரும்பி, அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் அசையவில்லை, அல்லது நடக்கும்போது இடுப்பு ஒரு பக்கம் விழுந்து விழுந்து எழுகிறது என்றால், தசைநாண் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க அல்ட்ராசவுண்டோ எம்ஆர்ஐயோ எடுக்கச் சொல்வார்கள். அறுவை சிகிச்சை வரைக்கும் போகிறவர்கள் மிகக் குறைவு.